ஆத்துக்கு வாய் திறந்திருக்கணும்: சென்னையோட முகத்துவாரங்கள யாரு பாத்துக்குறாங்க?

மெரினான்னு சொன்னதும் நமக்கு மணல் தான் ஞாபகம் வரும். வெளிநாட்டுல கடலோரமா இருக்கற ஊர்க்காரங்க கிட்ட அதே வார்த்தைய சொன்னா அவங்களுக்கு தோணறது படகு கட்டி நிறுத்துற துறை, தண்ணி கரண்ட் எல்லாம் வச்சு வாடகைக்கு விடுற இடம். நம்ம மெரினாவுக்கு அந்தப் பேரு 1884ல வந்துச்சு, அப்ப கவர்னரா இருந்த கிராண்ட் டஃப் கடலோரமா நடைபாதை போட்டுட்டு, சிசிலி தீவுல பாத்த கடற்கரை ஞாபகத்துல வச்ச பேரு. அந்த நேரத்துல அங்க இவ்வளவு மணலே கிடையாது. இன்னிக்கு ரோட்டுலேர்ந்து அலை வரைக்கும் போறதுக்குள்ள குழந்தைங்க கால் வலிக்குது தூக்குன்னு அழுவுதுங்களே, அந்த தூரத்துல பெரும்பகுதி துறைமுகம் கட்டுனதுக்கு அப்புறம் வந்து சேந்த மணல்.

இத ஏன் முதல்ல சொல்றேன்னா, சென்னை ஆறு கால்வாய் பத்தி பேச்சு எடுத்தாலே எல்லாரும் சாக்கடை, குப்பை, ஆக்கிரமிப்புன்னு தான் ஆரம்பிக்கறாங்க, அதெல்லாம் உண்மை தான் நான் இல்லன்னு சொல்லல, ஆனா இந்த மணல புரிஞ்சுக்காம கூவத்தையும் அடையாறையும் புரிஞ்சுக்க முடியாது. ஆறு கடல்ல சேர்ற இடம், முகத்துவாரம், அது தான் மொத்த விஷயத்தோட கழுத்து. அது அடைச்சா மேல எத்தன கோடி செலவு பண்ணாலும் தண்ணி நாறும், மழை வந்தா ஊருக்குள்ள நிக்கும். அந்தக் கழுத்துக்கு முழுசா பொறுப்புன்னு கைகாட்ட சென்னையில ஒரு ஆள் இல்ல, ஒரு ஆபீஸ் இல்ல. எனக்கு சொல்ல வேண்டியது இது ஒண்ணு தான், மத்ததெல்லாம் அதுக்கான விளக்கம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். மெட்ராஸ்க்கு இயற்கையா துறைமுகம்னு ஒண்ணு கிடையாது. கப்பல் எல்லாம் தூரமா கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், அங்கேர்ந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகுலயும் கட்டுமரத்துலயும் நம்ம மீனவங்க தான் அலைய தாண்டி கரைக்கு கொண்டு வருவாங்க, அந்த அலைய தாண்டற வித்தை வெள்ளைக்காரங்களுக்கு வரவே இல்ல. 1875ல துறைமுகத்துக்கு அடிக்கல் போட்டாங்க, 1881ல வந்த புயல் கட்டுன சுவர அடிச்சுட்டு போயிடுச்சு, திரும்ப கட்டுனாங்க. முதல்ல வாசல் கிழக்க பாத்து இருந்துச்சு, அங்க மணல் வந்து வந்து சேந்ததால அத மூடிட்டு, 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்துல வடகிழக்குல புது வாசல் வச்சாங்க. பெரிய துறைமுகமே மணலுக்கு பயந்து வாசல மாத்தி வச்ச ஊர் இது.

அந்த மணல் எங்கேர்ந்து வருதுன்னா, நம்ம கரையோரமா வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை தென்கிழக்குலேர்ந்து சாய்வா அடிக்குது, அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மணல வடக்க தள்ளும். ஐப்பசி கார்த்திகையில வாடை காத்து ஆரம்பிச்சதும் திரும்பி தெற்க தள்ளும், ஆனா அது கம்மி நாள். கூட்டிக் கழிச்சு பாத்தா வடக்க தான் போகுது, வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். அதாவது கரையோரமா இன்னொரு ஆறு ஓடுது, மணல் ஆறு, அது கண்ணுக்கு தெரியாது அவ்வளவு தான். அதுக்கு குறுக்க கடலுக்குள்ள கல்லு சுவர் கட்டுனா என்ன ஆகும்? தெக்குப் பக்கம் தேங்கும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். தெக்குப் பக்கம் தேங்குனது மெரினா பீச். வடக்க பட்டினி கிடந்தது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும். அங்க வீடும் கோயிலும் தெருவும் கடலுக்குள்ள போச்சு, கல்ல கொட்டி சுவர் போட்டாங்க, அப்புறம் தூண்டில் வளைவு, அதாவது கரையிலேர்ந்து கடலுக்குள்ள நீட்டுற கல்லு தடுப்பு, போட்டாங்க. மெரினாவுல காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கோமே, அந்த மணல்ல ஒரு பங்கு வடசென்னை மீனவன் படகு ஏத்தி வைக்க வேண்டிய கரை. இத எந்த பாடப்புத்தகத்துலயும் நான் படிச்ச ஞாபகம் இல்ல, படிச்சிருக்கணும்.

இப்ப மேப் எடுத்து பாருங்க. கூவம் கடல்ல சேர்றது நேப்பியர் பாலத்துக்கு கீழ, அதாவது துறைமுகத்துக்கு ஒட்டுன தெக்குப் பக்கம், மணல் தேங்குற அதே பாக்கெட்டுக்குள்ள. கூவத்தோட வாய்ல மணல் அடைக்குதுன்னா அது அதோட தலையெழுத்து இல்ல, துறைமுகச் சுவரோட பக்க விளைவு. அடையாறு கொஞ்சம் தள்ளி பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் குப்பத்துக்கும் நடுவுல சேருது, அதுக்கும் மணல் திட்டு பிரச்சினை உண்டு.

மணல் எல்லா ஆத்து வாய்லயும் தான் வரும், அப்புறம் ஏன் சில ஆறு மட்டும் தானா திறந்தே இருக்கு? ஒரு முகத்துவாரத்த ரெண்டு விஷயம் திறந்து வைக்கும், மேலேர்ந்து வர்ற வெள்ளம், கீழேர்ந்து தினமும் ரெண்டு தடவை உள்ள வந்து வெளிய போற கடல் தண்ணி. உள்ள எவ்வளவு பெரிய தண்ணிப் பரப்பு இருக்கோ அவ்வளவு கடல் தண்ணி உள்ள வரும், அது வெளிய போகும்போது வேகமா மணல தள்ளிட்டு போகும். கொச்சியில பின்னாடி அத்தன பெரிய காயல் இருக்கு, அதுவே உள்ளயும் வெளியயும் மூச்சு விட்டு வாய திறந்து வைக்குது. நம்ம ஊர்ல கடல் ஏறி இறங்கறதே பெரிய நாள்லயும் ஒரு மீட்டர் சொச்சம் தான். உள்ள தண்ணி பரவுறதுக்கு இருந்த கழிமுகம், உப்பங்கழி, சதுப்பு எல்லாத்தையும் மண்ணு கொட்டி மேடாக்கிட்டோம். மூச்சு வாங்கற நுரையீரலையே சின்னதாக்கிட்டு வாய் ஏன் அடைக்குதுன்னு கேட்டா எப்படி.

மேலேர்ந்து வர்ற தண்ணி கதை இன்னும் சோகம். கூவம் திருவள்ளூர் மாவட்டத்துல கூவம்ங்கற கிராமத்துப் பக்கம் ஆரம்பிச்சு 70 கிலோமீட்டர் கிட்ட ஓடி வருது, ஊருக்குள்ள 18 கிலோமீட்டர் சுமார். கேசவரம் அணைக்கட்டுல அதுக்கு வர வேண்டிய தண்ணிய பூண்டி ஏரிக்கு திருப்பறாங்க, சென்னைக்கு குடிக்க தண்ணி வேணும்ல, பூண்டி 1944ல கட்டி முடிச்சது. தப்புன்னு சொல்ல மாட்டேன், நானும் அந்த தண்ணி தான் குடிச்சேன். ஆனா விளைவு என்னன்னா மழை இல்லாத மாசத்துல ஊருக்குள்ள கூவத்துல ஓடுறது ஆத்துத் தண்ணியே இல்ல, நாம வீட்டுலேர்ந்து அனுப்புனது. மேலேர்ந்தும் தண்ணி இல்ல, கீழ வாயும் அடைச்சிருக்கு, நடுவுல தேங்குன கழிவு வெயில்ல வேகுது, அது தான் நேப்பியர் பாலத்துல பஸ் போகும்போது மூக்க பொத்திக்கிறோமே அந்த வாடை. வாய் நல்லா திறந்திருக்கற நாள்ல அதே பாலத்துல வாடை குறைஞ்சிருக்கும், கொஞ்ச நாள் கவனிச்சு பாருங்க.

கூவத்துல படகு விடணும்ங்கற ஆசை இந்த ஊருக்கு ரொம்ப நாளா இருக்கு. 1967ல அண்ணா ஆட்சியில கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, கரை கட்டி, படகுத்துறை எல்லாம் கட்டி, 70கள் ஆரம்பத்துல படகும் விட்டாங்க, ஆனா நிக்கல. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை திட்டம் வந்துச்சு. 2006ல அடையாறு பூங்கா டிரஸ்டுன்னு ஆரம்பிச்சது 2010ல சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளைன்னு பெருசாச்சு, அவங்க செஞ்ச அடையாறு பூங்கா, 58 ஏக்கர், 2011ல திறந்தாங்க, அது உண்மையிலயே நல்லா வந்த வேலை, கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த இடத்த தோண்டி தண்ணி வர வச்சு செடி நட்டு பறவை வர வச்சாங்க. சரியா செஞ்சா இந்த ஊர்லயும் கழிமுகம் உயிர் பொழைக்கும்ங்கறதுக்கு அது கண்ணெதிர சாட்சி. ஆனா அந்தப் பூங்காவுல இருக்கற ஓடைக்கும் கடல் தண்ணி வந்து போகணும்னா அடையாறு வாய் திறந்திருக்கணும், திரும்ப அங்கயே வந்து நிக்குது பாருங்க.

இப்ப யாரு பொறுப்புங்கறதுக்கு வருவோம், இங்க தான் எனக்கு வயித்தெரிச்சல். ஆத்தோட படுகை நீர்வளத்துறை கையில, முன்னாடி பொதுப்பணித்துறைக்குள்ள இருந்தது 2021ல தனியா பிரிஞ்சது. மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சி. கழிவுநீர் குடிநீர் வாரியம், அந்த மெட்ரோ வாட்டர். மேல போற பாலம் சிலது நெடுஞ்சாலைத்துறை, சிலது மாநகராட்சி, சிலது ரயில்வே. தண்ணி கெட்டுச்சான்னு பாக்கறது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அலையாத்தி மரம் வனத்துறை. படகும் மீனவரும் மீன்வளத்துறை. உல்லாசப் படகுன்னா சுற்றுலா வளர்ச்சிக் கழகம். துறைமுக எல்லை மத்திய அரசு. கடல் ஓரத்துல ஒரு கல்லு நகத்தணும்னா 1991லேர்ந்து சி.ஆர்.இசட்.னு சொல்ற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, அதுக்கு தனி ஆணையம். இதுல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலைய ஒழுங்கா செஞ்சாலும் கூட, ஒரு வாய் எப்ப அடைக்குது எப்ப திறக்கணும்னு முடிவெடுக்க ஒரே ஆள் வேணும்ல. ஒரு தடவை எங்க தெரு வடிகால் தண்ணி ஆத்துக்குள்ள போகாம திரும்பி வருதுன்னு நான் மூணு ஆபீஸுக்கு ஃபோன் போட்டேன். மூணு பேருமே மரியாதையா தான் பேசுனாங்க, மூணு பேருமே அது எங்களோடது இல்லைங்கன்னு சொன்னாங்க. பொய் சொன்ன மாதிரி தெரியல, காகிதத்துல பாத்தா அப்படித் தான் பிரிச்சிருக்கும்.

நடக்கறது என்னன்னா, வடகிழக்கு மழைக்கு முன்னாடி, புரட்டாசி ஐப்பசி வாக்குல, பொக்லைன் கொண்டு வந்து வாய்ல இருக்கற மணல வெட்டி ஓரமா குவிப்பாங்க. மழை வந்தா அந்த வழியா தண்ணி போகும். தை மாசி தாண்டி காத்து மாறுனதும் அலை அதே மணல திரும்ப உள்ள தள்ளும், ஓரமா குவிச்சது தானே, தூரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் அடுத்த புரட்டாசி. எடுத்த மணல துறைமுகத்த தாண்டி வடக்க கொண்டு போய், அது போக வேண்டிய ராயபுரம் எண்ணூர் கரையில போட்டா, தெக்க வாயும் திறக்கும் வடக்க கரையும் கொஞ்சம் வளரும், ஒரே வேலையில ரெண்டு.

இது நான் கனவு கண்டு சொல்றதில்ல. கலிஃபோர்னியாவுல சாண்டா பார்பரான்னு ஒரு சின்ன ஊர், 1920கள் கடைசியில கடலுக்குள்ள சுவர் கட்டி படகுத்துறை உண்டாக்குனாங்க. நம்ம மெட்ராஸ்ல நடந்த அதே கதை அங்கயும் நடந்துச்சு, சுவருக்கு ஒரு பக்கம் மணல் சேந்துச்சு, அப்புறம் துறையோட வாயே அடைக்க ஆரம்பிச்சுது, இன்னொரு பக்கம் கீழ இருந்த பீச் எல்லாம் கரைஞ்சுது. 1930கள்லேர்ந்து அவங்க மணல உறிஞ்சி எடுத்து அந்தாண்ட பக்கம் பீச்சுல கொண்டு போய் விடுறாங்க, இப்ப வரைக்கும் அது நடந்துட்டு தான் இருக்கு. தூர்வாருறது அமெரிக்க மத்திய அரசோட ராணுவப் பொறியாளர் பிரிவு வழியா நடக்குது. படகுத்துறைய நடத்துறது நகராட்சியோட தனி நீர்முனைத் துறை, 1,100க்கு மேல படகு கட்டுற இடம் அவங்க கிட்ட இருக்கு, அதுல மீன்பிடி படகும் உண்டு, சும்மா சவாரி போற படகும் உண்டு, படகுக்கு வாங்குற வாடகையும் பார்க்கிங் கட்டணமும் கடை வாடகையும் அந்தத் துறையோட தனி கணக்குல போகுது, அதுலயே படகுத்துறைய பராமரிக்கறாங்க. அந்த ஊர் பணக்கார ஊர், நம்மள மாதிரி கோடி பேர் இல்ல, அதெல்லாம் தெரியும். நான் பாக்கறது வேற. கடலுக்குள்ள ஒரு சுவர் கட்டுனா அன்னிலேர்ந்து மணல தூக்கி அந்தாண்ட போடுற வேலையும் உன் தலையில தான்னு அவங்க ஒத்துக்கிட்டாங்க. நாம 1875ல கட்டுன சுவருக்கு இன்னும் ஒத்துக்கல.

நம்ம ஊர்ல பொது படகுத்துறைன்னு கேட்டா என்ன இருக்கு? பொழுதுபோக்குக்குன்னா முட்டுக்காடு, சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984லேர்ந்து நடத்துது, டிக்கெட் வாங்கி யாரு வேணா ஏறலாம். ஊருக்குள்ள துடுப்பு போடணும்னா அடையாத்துல 1867ல ஆரம்பிச்ச மெட்ராஸ் போட் கிளப் இருக்கு, துறைமுகத்துக்குள்ள 1911லேர்ந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கு, ரெண்டும் மெம்பர்களுக்கான கிளப். கூவம் கரையிலயும் அடையாறு கரையிலயும் பொறந்து வளந்த பசங்க ஆத்த பாலத்து மேலேர்ந்து தான் பாத்திருக்காங்க, தண்ணிக்கு இறங்க ஒரு படிக்கட்டு கூட கிடையாது. கரையில குடிசை போட்டு இருந்தவங்கள ஆயிரக்கணக்குல கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு கொண்டு போய் விட்டாச்சு, அந்த இடங்களும் சதுப்பு நிலத்த ஒட்டி மழைக்கு தண்ணி நிக்கற இடங்க. ஆத்தங்கரையில யாருக்கு இடம் உண்டு யாருக்கு இல்லங்கறது தண்ணி மேலாண்மையில சேராத விஷயம்னு சொல்லி தள்ளி வைக்கவே முடியாது.

உண்மையான படகுத்துறை நம்மகிட்ட காசிமேடு தான். ராத்திரி ரெண்டு மணிக்கு போய் பாருங்க, ஏலம், ஐஸ் கட்டி உடைக்கற சத்தம், டீசல் வாடை, பக்கத்து பக்கத்துல வரிசை வரிசையா ஒட்டி நிக்கற விசைப்படகுங்க, ஒரு படகுலேர்ந்து இன்னொரு படகு வழியா தான் கரைக்கு நடந்து வரணும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல எல்லா படகும் ஒரே நேரத்துல உள்ள நிக்கும், பெயின்ட் அடிக்க, பலகை மாத்த, வலை பின்ன, அந்த ரெண்டு மாசத்துல நெரிசல் சொல்லி மாளாது, ஒரு படகுல தீப்பிடிச்சா பக்கத்து படகுக்கு தாவறதுக்கு நேரமே ஆகாது. அங்க நிலம் துறைமுகத்தோடது, படகு பதிவும் லைசென்சும் 1983 சட்டப்படி மீன்வளத்துறை, ரெண்டுக்கும் நடுவுல யாரு கழிப்பறை கட்டறது யாரு கழிவு எண்ணெய் சேகரிக்க தொட்டி வைக்கறதுன்னு கேட்டா அங்கயும் அதே இழுபறி. பொது மெரினா மேலாண்மைன்னா ஏதோ வெள்ளைப் பாய்மரப் படகு சமாச்சாரம்னு நெனைக்காதீங்க, இடம் ஒதுக்கறது, தூர்வாருறது, கழிவு எண்ணெய் வாங்கறது, தீயணைப்பு, நல்ல தண்ணி குழாய், ராத்திரி வெளிச்சம், இது தான் அது, காசிமேட்டுக்கு இது அத்தனையும் வேணும். நொச்சிக்குப்பம் மாதிரி குப்பங்கள்ல ஃபைபர் படகு வச்சிருக்கறவங்களுக்கு துறையே கிடையாது, மணல் தான் அவங்க துறை, அதனால தான் பீச்சுல ரோடு, அழகுபடுத்தறதுன்னு எது வந்தாலும் அவங்க பதறுறாங்க.

பக்கிங்காம் கால்வாய பத்தி தனியா ஒரு புத்தகமே எழுதலாம், நான் சுருக்கமா சொல்றேன். 1806ல காக்ரேன்ங்கற வியாபாரி மெட்ராஸ்லேர்ந்து எண்ணூர் வரைக்கும் வெட்டுனது முதல் துண்டு. 1877, 78 தாது வருஷப் பஞ்சத்துல, கஞ்சிக்காக வேலைக்கு வந்த ஜனங்கள வச்சு கூவத்தையும் அடையாறையும் இணைக்கற துண்ட வெட்டுனாங்க, அப்ப கவர்னரா இருந்தவர் பேர வச்சாங்க. பசியில வெட்டுன கால்வாய் அது. ஆந்திராவுலேர்ந்து மரக்காணம் வரைக்கும் உப்பு, விறகு, அரிசி, மீன்னு படகு போச்சு. 1965, 66 புயல்கள்ல நல்லா அடி வாங்குச்சு, அப்புறம் லாரி வந்துடுச்சு. 80கள்ல பறக்கும் ரயிலுக்கு நிலம் வாங்கற செலவு இல்லாத இடம்னு கால்வாய் மேலயே தூணும் ஸ்டேஷனும் கட்ட ஆரம்பிச்சாங்க, 1995ல கடற்கரையிலேர்ந்து சேப்பாக்கம் வரைக்கும் ரயில் ஓடுச்சு, 2007ல வேளச்சேரி வந்துச்சு. மந்தைவெளி, கஸ்தூர்பா நகர் பக்கம் ஸ்டேஷனுக்கு கீழ எட்டி பாத்தா கால்வாய் எப்படி நசுங்கி கிடக்குன்னு தெரியும். அப்புறம் 2008ல அதே கால்வாய தேசிய நீர்வழி 4ல சேத்து அறிவிச்சாங்க. ஒரு அரசு தூண் நட்டுச்சு, இன்னொரு அரசு படகு விடப்போறேன்னு சொல்லுச்சு, ரெண்டு பேரும் ஒரே மேப்ப பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காது.

இந்தக் கால்வாய் சும்மா நினைவுச்சின்னம் இல்ல, ஊரோட தெக்குப் பக்கத்துக்கு முக்கியமான வடிகால் அது. தாம்பரம், மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கத்து மழையில பெரும்பகுதி பள்ளிக்கரணை சதுப்புக்கு வருது, அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், அதுல தெக்க கிலோமீட்டர் கணக்குல நடந்து போய் முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரம். சோழிங்கநல்லூர்ல ஐ.டி. கம்பெனி கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து வேலை பாக்கறவங்களுக்கு கடல் ரெண்டு கிலோமீட்டர் கிழக்க இருக்கு, ஆனா அவங்க ரோட்டுத் தண்ணி கடல் சேர கோவளம் வரைக்கும் போகணும். கோவளத்துல மணல் மேடாச்சுன்னா வேளச்சேரியில தண்ணி வடிய நாள் கணக்காகும். பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம், கிடைச்சுது, சந்தோஷம், அதோட வாய்க்கும் அதே மாதிரி ஒரு காவல் வேணும்.

2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலேர்ந்து அடையாத்துக்கு வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு திறந்தாங்கங்கறது எல்லாருக்கும் மனப்பாடம். கோட்டூர்புரத்துல எங்க சித்தி வீட்டுல முதல் மாடி வரைக்கும் தண்ணி, மறுநாள் அவங்கள இறக்குனது ஃபைபர் படகு கொண்டு வந்த மீனவங்க, சித்தி இன்னிக்கும் அந்தப் பையன் முகத்த சொல்லி சொல்லி அழும். ஏரி ஷட்டர் பத்தி எவ்வளவு பேசுனோம், விவாதம், வழக்கு, அறிக்கை. அந்த அடையாத்தோட வாய் அன்னிக்கு எவ்வளவு அகலம் இருந்துச்சு, கடல் ஏறுற நேரமா இறங்கற நேரமான்னு பேசுனவங்க கொஞ்சம் பேர் தான். 2023 மிக்ஜாம் புயல்லயும் இதே தான், கடல் கொந்தளிச்சு மேல நிக்கும்போது ஆத்துத் தண்ணிய உள்ள வாங்காது, அந்த நேரத்துல வாயும் குறுகி இருந்தா ஊர் ஒரு தொட்டி மாதிரி.

மிக்ஜாம்ல எண்ணூருக்கு நடந்தது தனிக் கொடுமை. மணலி பக்கம் எண்ணெய் ஆலையிலேர்ந்து வெள்ளத்தோட கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலையாத்துக்கு போய் எண்ணூர் கழிமுகம் பூரா பரவிடுச்சு, வீட்டுச் சுவத்துல, வலையில, படகுல, கூழைக்கடா றெக்கையில எல்லாம் கறுப்பு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து விசாரிச்சுது. முதல் நாட்கள்ல எண்ணெய அள்ளுனது கையால மீனவங்க, அதுக்கு முன்னாடி 2017 ஜனவரியில எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதுனப்பவும் வாளிய வச்சு தான் அள்ளுனாங்க. கிட்டத்தட்ட ஏழு வருஷ இடைவெளியில ஒரே ஊர், ஒரே வாளி. அனல் மின் நிலையத்து சாம்பலும் சுடுதண்ணியும் ஏற்கனவே அந்தக் கழிமுகத்த மேடாக்கி வச்சிருக்கு, இறால் பொறுக்குற பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில நின்ன இடத்துல இப்ப முழங்கால் அளவு கூட இல்லைன்னு சொல்றாங்க. எண்ணூர் வாய் அடைச்சா கடல் தண்ணி வந்து கழுவாது, எண்ணெய் அங்கயே கிடக்கும், சேத்துல இறங்கும்.

செய்ய முடியாத வேலையா இது? ஒவ்வொரு முகத்துவாரத்துக்கும் பேர் போட்டு ஒரு பொறுப்பு அதிகாரி, கூவத்துக்கு ஒருத்தர், அடையாத்துக்கு ஒருத்தர், எண்ணூருக்கு, கோவளத்துக்கு. ஏரித் தண்ணி மட்டத்த தினமும் பேப்பர்ல போடுற மாதிரி வாயோட அகலம் ஆழத்தயும் போடலாம், பூண்டி எத்தன அடி செம்பரம்பாக்கம் எத்தன அடின்னு நாம பாக்கறோமே, அதுக்கு கீழ இன்னும் நாலு வரி, அவ்வளவு தான். மணல் எடுத்தா அது எங்க போச்சுங்கற கணக்கு. பருவத்துக்கு ஒரு தடவை டெண்டர் விட்டு பொக்லைன் கொண்டு வர்றதுக்கு பதிலா வருஷம் பூரா அங்கயே நிக்கற ஒரு தூர்வாரி, அதுக்கு துறைமுகமும் பங்கு போடணும், சுவர் அவங்களோடது. மீனவ பஞ்சாயத்துல இருந்து ஆள் உக்காராம இதுல ஒரு கூட்டம் கூட நடக்கக் கூடாது. மடவையும் இறாலும் நண்டும் குஞ்சா இருக்கும்போது வாய் வழியா உள்ள வந்து கழிமுகத்துல வளந்து திரும்ப கடலுக்கு போகும், வாய் அடைச்சா அந்த வருஷம் கரைவலைக்காரனுக்கு என்ன குறையும்னு அவங்களுக்கு தான் தெரியும், எந்த அளவீட்டுக் கருவியும் அத சொல்லாது.

போன வருஷம் அடையாறு வாய்கிட்ட இருக்கற உடைஞ்ச பாலத்து பக்கம், அந்த 1967ல கட்டி 1977ல உடைஞ்ச பாலம், அங்க நின்னு பாத்துட்டு இருந்தேன். வாய்ல மணல் ஏறி பசங்க அந்தாண்ட கரைக்கு நடந்தே போயிட்டு இருந்தாங்க. பக்கத்துல வலை உதறிட்டு இருந்த பெரியவர் கிட்ட கேட்டேன், அண்ணா இத எப்ப வெட்டுவாங்கன்னு. "அவுங்க மிஷின் வர்றப்ப வெட்டுவாங்க தம்பி, எப்ப வருமோ"ன்னார். சரி உங்க கிட்ட விட்டா எப்ப வெட்டுவீங்கன்னு கேட்டேன். வலைய கீழ வச்சுட்டு யோசிக்காம சொன்னார். மழை பேஞ்சு உள்ள தண்ணி ஏறி நிக்கணும், அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி கடல் நல்லா ஏறி இறங்குற நாளா இருக்கணும், கடல் வத்த ஆரம்பிக்கற நேரத்துல மம்முட்டிய வச்சு இடுப்பு அகலத்துக்கு ஒரு கோடு போட்டா போதும், மிச்சத்த தண்ணியே வெட்டிக்கும், காலையில ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள படகு போற அளவுக்கு ஆயிடும்னார். எங்க அப்பா காலத்துல நாலு பேர் தான் வெட்டுவோம், அன்னிக்கு சாயங்காலமே உள்ள மீன் ஏறும்னார். அவர் சொன்ன அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருந்துச்சு. மிஷின் வந்தது அதுக்கு மூணு வாரம் கழிச்சு, கடல் ரொம்ப ஏறாம இறங்காம சோம்பி கிடந்த ஒரு நாள்ல, வெட்டுன மணல வாய்க்கு தெக்குப் பக்கம், அலைக்கு பத்தடி தூரத்துல குவிச்சுட்டு போனாங்க.